சினை ஊசிக் கேனும் செல் லைனும்: ஆன்டிபாடி வேலையை வெளி லேபுக்குக் கொடுப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மாடு வைத்திருக்கும் வீடுகளுக்குத் திரவ நைட்ரஜனைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. சினை ஊசி போட வருபவர் பைக்கில் கட்டிக்கொண்டு வரும் அலுமினியக் கேனைத் திறந்ததும் வெள்ளைப் புகை வழியும். இடுக்கியை உள்ளே விட்டு மெல்லிய ஸ்ட்ரா ஒன்றை எடுப்பார். அந்த விந்துக்கு உரிய காளை பாலக்காடு தோணிப் பண்ணையில் என்றோ செத்திருக்கலாம். கன்று என்னவோ இந்த வருடம் பிறக்கும்.

ஆராய்ச்சிக்குச் சேர்ந்து முதன்முதலில் செல் லைனை (லேபில் விடாமல் பெருகவைக்கும் ஒரே வகைச் செல்களை) உறையவைத்தபோதுதான் இரண்டும் ஒரே சங்கதி என்று புரிந்தது. உண்மையில் மாட்டுக்காரர்கள்தான் இதில் மூத்தவர்கள். 1949-ல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் கிளிசரால் சேர்த்தால் சேவல் விந்து உறைநிலையிலும் பிழைக்கிறது என்று காட்டினார்கள். கிளிசராலின் இடத்துக்கு டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் வந்தது பத்து வருடம் கழித்து, 1959-ல். இன்று உலகத்தில் உறைந்து கிடக்கும் செல் லைன்களில் பெரும்பாலானவை அதில்தான் கிடக்கின்றன.

இந்த வழிகாட்டி கேரள-தமிழக எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள சின்ன லேப்களுக்கு. செல் வளர்க்க ஒரு கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர், கிருமி புகாமல் வேலை பார்க்க ஒரு பயோசேஃப்டி கேபினட், கடன் வாங்கிய மைக்ரோஸ்கோப். புரதம் பிரிக்கும் இயந்திரம் கிடையாது, மூலக்கூறுகளைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கிடையாது. அதனால் கோவைக்கோ, திருவனந்தபுரத்துக்கோ, பெங்களூருக்கோ அனுப்பித்தான் ஆகவேண்டும். அப்படி அனுப்புகிறவர்கள் செய்யும் பெரிய பிழை, வரிசையைத் தலைகீழாகப் பிடிப்பது. கையில் ஆன்டிபாடி (ஒரு குறிப்பிட்ட இலக்கில் போய் ஒட்டும் புரதம்; அதைச் செய்து தருவது செல்தான்) வேண்டும் என்ற அவசரத்தில் முதலில் சுத்திகரிப்புக்கு அனுப்புகிறார்கள், சந்தேகம் வந்தால் சோதிக்கிறார்கள், காசு மிஞ்சினால் செல்லைச் சேமிக்கிறார்கள். சரியான வரிசை இதற்கு நேர் எதிர்: உறையவை, சோதி, அப்புறம் சுத்திகரி.

கையில் இருப்பது என்ன?

பாடப்புத்தகம் எதிர்ப்பொருள் என்கிறது. லேபில் எல்லோரும் ஆன்டிபாடி என்றுதான் சொல்கிறோம். அது உங்களிடம் இரண்டு வகையில் இருக்கலாம். முயலின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரம் (இரத்தம் உறைந்தபின் மேலே தேங்கும் தெளிநீர்) என்றால் அது பல ஆன்டிபாடிகளின் கலவை. முயல் போனால் அந்தக் கலவையும் போனது. சேமிக்க உயிருள்ள எதுவும் இல்லை. ஹைப்ரிடோமா என்றால் கதை வேறு. எலியின் மண்ணீரலில் இருந்து எடுத்த, ஆன்டிபாடி செய்யும் பி செல்லையும், சாகாமல் பெருகும் புற்றுநோய்ச் செல்லையும் ஒட்டவைத்துப் பிறந்த கலப்பினம் அது. 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் செய்து காட்டினார்கள்; 1984-ல் நீல்ஸ் ஜெர்னேயுடன் சேர்த்து நோபல் கிடைத்தது.

ஒட்டுப்போட்ட செல் என்பதால் அது நிலையில்லாதது. வளர வளரக் குரோமோசோம்களை உதிர்த்துக்கொண்டே போகும். ஆன்டிபாடி செய்யும் ஜீன் உதிர்ந்த செல்லுக்குச் சுமை குறைவு, அதனால் அது வேகமாகப் பெருகும். இரண்டு மாதம் விடாமல் வளர்த்தால் தட்டு நிறையச் செல் இருக்கும், ஆன்டிபாடி இல்லாமலே போகலாம். உறையவைப்பதை முதல் படியாக நான் வைப்பது இதனால்தான்.

முதல் படி: உறையவைப்பது

லேபில் சின்னக் குப்பியை ‘வயல்’ என்பார்கள். நெல் விளையும் பாலக்காட்டில் உட்கார்ந்துகொண்டு அப்படி எழுத எனக்கு வாய் வரவில்லை. குப்பி என்றே எழுதுகிறேன்.

நன்றாகப் பெருகும் பருவத்தில் உள்ள செல்லை எடுங்கள். தட்டு நிரம்பி மஞ்சளாகிப்போன கல்ச்சரை, அதாவது செல் வளர்ப்பை, உறையவைப்பது, வாடிய நாற்றை நடுவது போல. செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் டிரிப்பன் புளூவில் எண்ணினால் நூற்றுக்குத் தொண்ணூறாவது உயிரோடு இருக்கவேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 50 லட்சம் செல், பத்து சதவீதம் டிஎம்எஸ்ஓ, மீதி சீரமோ சீரம் கலந்த மீடியமோ (செல் வளரும் சத்து நீர்). டிஎம்எஸ்ஓ சேர்த்ததும் அரட்டை அடிக்காதீர்கள். அறை வெப்பத்தில் அது செல்லுக்கு நஞ்சு. பத்து நிமிடத்துக்குள் குப்பி குளிருக்குள் போகவேண்டும்.

குளிர்விக்கும் வேகம் நிமிடத்துக்கு ஒரு டிகிரி. வேகமாகக் குளிர்ந்தால் செல்லுக்குள்ளேயே பனி ஊசி முளைத்துக் கிழிக்கும். மெதுவாகக் குளிர்ந்தால் வெளியே உறையும் நீர் உள்ளிருக்கும் நீரை உறிஞ்சி, செல் வற்றல்போல் சுருங்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள பாதைதான் அந்த ஒரு டிகிரி. இதற்கென்று விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. ஐசோபுரொப்பனால் ஊற்றிய பிளாஸ்டிக் டப்பாவில் குப்பிகளை அடுக்கி, மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் ஓர் இரவு வைத்தால் கிட்டத்தட்ட அந்த வேகம் கிடைக்கும்.

மறுநாள் திரவ நைட்ரஜனுக்கு மாற்றுங்கள். ‘மைனஸ் 80 போதாதா?’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். சில வாரம் தாங்கும், வருடக்கணக்கில் தாங்காது. அந்தக் குளிரில் பனிப் படிகங்கள் இன்னும் மெல்ல நகர்ந்து பெரிதாகிக்கொண்டுதான் இருக்கும். மைனஸ் 130-க்குக் கீழே போனால்தான் எல்லாம் கண்ணாடிபோல் நின்றுபோகும். திரவ நைட்ரஜன் மைனஸ் 196. அதன் மேலே நிற்கும் ஆவிப் பகுதியே போதும். குப்பியைத் திரவத்துக்குள் முக்கினால், மூடி சரியில்லாத குப்பிக்குள் திரவம் புகுந்துவிடும். வெளியே எடுக்கும்போது அது வாயுவாக விரிந்து குப்பி வெடிக்கும். ஒரு லிட்டர் திரவம் கிட்டத்தட்ட 700 லிட்டர் வாயு ஆகிறது, கணக்கு போட்டுப் பாருங்கள். முகம் முழுவதையும் மறைக்கும் கண்ணாடித் தடுப்பு இல்லாமல் கேனைத் திறக்கக்கூடாது. கேனைக் காரில் கொண்டுபோனால் கண்ணாடியை இறக்கிவிடுங்கள், ஏசி வேண்டாம்.

எத்தனை குப்பி? பத்து முதல் இருபது வரை தாய்க் குப்பிகள். அதில் ஒன்றை மட்டும் எழுப்பி வளர்த்து, அன்றாட வேலைக்கு இன்னொரு இருபது. தாய்க் குப்பிகளில் பாதி வேறொரு கட்டிடத்தில் இருக்கவேண்டும். எல்லை ஊருக்கு இதில் ஒரு வசதி: பாதியைப் பாலக்காட்டிலும் பாதியைக் கோவையிலும் வைக்கலாம். மின்வெட்டும் விடுமுறையும் இரண்டு இடத்திலும் ஒரே நாளில் வருவது அபூர்வம். சேமிப்புச் சேவை தரும் லேபில் வைப்பதானால், கேனில் நைட்ரஜன் மட்டம் குறைந்தால் யாருக்குப் போன் அடிக்கும் என்று கேளுங்கள். ‘அலாரம் இருக்கிறது’ என்பது பதில் ஆகாது. நடுராத்திரி அலாரம் அடித்தால் யார் வருவார் என்பதுதான் கேள்வி.

ஒரு வாரம் கழித்து ஒரு குப்பியை எழுப்பிப் பாருங்கள். இதைச் செய்யாமல் விட்டவர்களே அதிகம். 37 டிகிரி நீரில் ஒன்றிரண்டு நிமிடம் ஆட்டி, கடுகளவு பனி மிச்சம் இருக்கும்போதே எடுத்து, வெதுவெதுப்பான மீடியத்தில் விடவேண்டும். எழுப்பியவுடன் எண்ணினால் நல்ல எண் வரும், ஏமாந்துவிடாதீர்கள். உறைந்ததில் அடிபட்ட செல் சாவதற்கு ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். மறுநாள் எண்ணுவதுதான் மெய்யான எண்.

ஒரு முறை எங்கள் கேனில் மட்டம் இறங்கிவிட்டது; ஓண வாரம், நிரப்ப ஆளில்லை. சினை ஊசிக்கார அண்ணனிடம் போய் நின்றேன். மூன்று லிட்டர் கேனிலிருந்து ஊற்றிக்கொண்டே கேட்டார்: “ஏனுங்க தம்பி, உங்க கேன்ல எந்தக் காளைங்க?” “காளை இல்லீங்கண்ணா, எலிங்க” என்றேன். “எலிக்குமா சினை ஊசி!” என்று சிரித்தவர், காசு வாங்கவில்லை.

இரண்டாம் படி: செல்லைச் சோதிப்பது

மூன்று கேள்விகள். சுத்தமாக இருக்கிறதா, நீங்கள் நினைக்கும் செல்தானா, உங்கள் ஆன்டிபாடியைச் செய்கிறதா?

பாக்டீரியாவும் பூஞ்சையும் வந்தால் கண்ணில் தெரியும், மீடியம் கலங்கிவிடும். மைக்கோபிளாஸ்மாவும் ஒரு பொடி பாக்டீரியாதான், ஆனால் அப்படியில்லை. அதற்குச் செல்சுவரே கிடையாது, ஆகவே பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. 0.2 மைக்ரான் வடிகட்டியிலும் நெளிந்து புகுந்துவிடும். மீடியம் தெளிவாகவே இருக்கும், செல் கொஞ்சம் சோர்ந்து வளரும், அவ்வளவுதான். வருடக்கணக்கில் அதோடு வேலை பார்த்து ஆய்வறிக்கை எழுதியவர்கள் உண்டு. பிசிஆர் சோதனை ஓரிரு நாளில் முடியும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முறைக்கு 28 நாள். மாதாமாதம் பிசிஆர், தாய்க் குப்பிகளுக்கு இரண்டும் என்பது என் கணக்கு. அனுப்புவதற்கு முன் இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் இல்லாமல் வளர்த்துவிட்டு அனுப்புங்கள். மருந்தோடு அனுப்பினால், இருக்கும் கிருமி ஒடுங்கிக் கிடந்து ‘இல்லை’ என்ற முடிவு வரலாம். ‘இருக்கிறது’ என்று வந்தால் உடனே குணப்படுத்தும் மருந்தைத் தேடாதீர்கள். பழைய சுத்தமான குப்பி இருந்தால் அதை எழுப்புங்கள், கல்ச்சரை ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலத்தில் போட்டு அழித்துவிடுங்கள். வேறு பிரதியே இல்லாத ஹைப்ரிடோமாவுக்கு மட்டும் சிகிச்சை செய்து பார்க்கலாம்.

அடுத்தது அடையாளம். மனிதச் செல் லைன் என்றால் எஸ்டிஆர் சோதனை. குற்றவழக்கில் ஆளை அடையாளம் காண்பார்களே, அதே டிஎன்ஏ முறை. செல் வங்கியில் உள்ள பதிவோடு 80 சதவீதமும் அதற்கு மேலும் பொருந்தினால் ஒரே வம்சம் என்று கொள்வார்கள். இது வெறும் சடங்கு இல்லை. 1951-ல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து வளர்த்த ஹீலா செல், சீமைக் கருவேலம்போல் பக்கத்துத் தட்டுகளிலெல்லாம் பரவிவிட்டது. ‘சாங் ஈரல் செல்’ என்று பல காலம் ஈரல் ஆய்வில் ஓடியதும் ஹீலாதான் என்று பிறகு தெரிந்தது. அடையாளம் மாறிய செல் லைன்களின் சர்வதேசப் பட்டியலில் இன்று 500-க்கும் மேல் இருக்கின்றன. அதனால் நண்பரின் லேபிலிருந்து டப்பாவில் வாங்கி வந்த செல்லை நம்பாதீர்கள். புனேவில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் களஞ்சியம் போன்ற இடத்திலிருந்து முறையாக வாங்குங்கள்.

ஹைப்ரிடோமாவுக்கு மனித எஸ்டிஆர் கேட்டுப் பணம் கட்டாதீர்கள். அது எலிச் செல். எலிக்கான தனி எஸ்டிஆர் உண்டு, எல்லா லேபிலும் இல்லை. அதைவிடப் பயனுள்ளது ஆன்டிபாடி ஜீன்களில் இலக்கைப் பிடிக்கும் ‘மாறும் பகுதி’யின் டிஎன்ஏ எழுத்து வரிசையைப் படித்து வாங்குவது. செலவு கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் அந்த எழுத்து வரிசை கணினியில் இருந்தால், கேன் காய்ந்து எல்லாச் செல்லும் போனாலும் ஜீனைச் செயற்கையாகச் செய்து வேறு செல்லில் ஏற்றி, அதே ஆன்டிபாடியைத் திரும்பப் பெறலாம். இன்னொரு லாபமும் உண்டு. 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 185 ஹைப்ரிடோமாக்களைப் பார்த்ததில், மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட ஒரு கனச் சங்கிலி, ஒரு இலேசான சங்கிலி என்ற வழக்கமான ஜோடிக்கு மேல் கூடுதல் ஆன்டிபாடிச் சங்கிலிகளையும் செய்துகொண்டிருந்தன. ‘மோனோகுளோனல்’ (ஒரே வகை ஆன்டிபாடி) என்று லேபிள் ஒட்டியிருப்பதெல்லாம் ஒன்றே ஒன்று அல்ல.

மூன்றாவது கேள்விக்கு, ஆன்டிபாடி இலக்கில் ஒட்டுகிறதா என்று நிறத்தில் காட்டும் எலைசாவே போதும். அதை நீங்களே செய்யலாம், வெளியே அனுப்பவேண்டாம்.

மூன்றாம் படி: சுத்திகரிப்பு

இங்கேதான் நான் சூடு பட்டேன். எங்கள் ஹைப்ரிடோமாவை வழக்கமான பத்து சதவீத மாட்டுச் சீரத்தில் வளர்த்து, செல்லை நீக்கிய இரண்டு லிட்டர் மேல்நீரை, ஆன்டிபாடியை மட்டும் பிரித்துத் தர ஒரு லேபுக்கு அனுப்பினோம். அளவு நிறைய வந்தது, புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் பட்டையும் அழகாக இருந்தது. எலைசாவில் மட்டும் வலு பாதிகூட இல்லை. காரணம் எளிது: சீரத்திலிருந்த மாட்டு ஆன்டிபாடியும், ஆன்டிபாடியைப் பிடித்துவைக்கும் அதே ரெசின் மணிகளில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. பால் வண்டி ஓடும் ஊரிலிருந்து போய், காசு கொடுத்து மாட்டு ஆன்டிபாடி வாங்கி வந்தோம். அந்த லேபின்மேல் குற்றமில்லை. அவர்கள் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவில்லை. சுத்திகரிப்புக்கு வளர்க்கும் கல்ச்சருக்குச் சீரமில்லாத மீடியம், அல்லது ஐஜிஜி (ஆன்டிபாடியில் பரவலான வகை) நீக்கிய சீரம் என்பது விதி. செல்லை அதற்குப் பழக்க இரண்டு மூன்று வாரம் ஆகும்.

அனுப்பும் முன் ஐசோடைப் (ஐஜிஜி1, ஐஜிஎம் போன்ற வகைகளில் எது) என்ன என்று சோதனை ஸ்ட்ரிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த ரெசின் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. ரெசினில் ஏற்றும் புரதங்களில் புரோட்டீன் ஏ, ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியிலிருந்து வந்தது. புரோட்டீன் ஜி, ஸ்ட்ரெப்டோகாக்கஸிலிருந்து. முயல் ஆன்டிபாடி ஏ-யில் நன்றாக ஒட்டும். எலியின் ஐஜிஜி1 ஏ-யில் அரைகுறையாகத்தான் ஒட்டும், அதற்கு ஜி நல்லது. ஆட்டுக்கும் ஜி. ஐஜிஎம் என்றால் இரண்டையும் நம்பவேண்டாம், வேறு முறை என்னவென்று கேளுங்கள். கோழி ஆன்டிபாடி இரண்டிலும் ஒட்டவே ஒட்டாது. ஆனால் ஒரு முட்டையின் மஞ்சள் கருவிலேயே 50 முதல் 100 மில்லிகிராம் கிடைக்கும், கோழியைக் குத்தி இரத்தம் எடுக்க வேண்டியதும் இல்லை. நாமக்கல் முட்டை லாரி தினமும் வாளையார் தாண்டும் ஊரில் இதை ஏன் அதிகம் பேர் செய்வதில்லை என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

ரெசினில் ஒட்டியதை அமிலம் ஊற்றிக் கழற்றுவார்கள். கிளைசின், பிஎச் 2.5 முதல் 3-க்குள். கழன்று வரும் ஒவ்வொரு துளியும் அமிலத்தை முறிக்கும் டிரிஸ் பஃபர் வைத்த குழாயில் விழுந்து உடனே நடுநிலைக்கு வரவேண்டும். சில ஆன்டிபாடிகள் அந்த அரை நிமிட அமிலத்துக்கே திரிந்த பால்போல் ஆகிவிடும். அதனால் முழுச் சரக்கையும் முதல் தடவையே கொடுக்காதீர்கள். 50 மில்லிலிட்டரில் ஒரு வெள்ளோட்டம் கேளுங்கள். மறுக்கிற லேபை நானாக இருந்தால் விட்டுவிடுவேன்.

எந்த பஃபரில் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். எழுதாவிட்டால் அவர்கள் வழக்கம் எதுவோ அதில் வரும். ஆன்டிபாடியில் ஒளிரும் சாயமோ என்சைமோ ஒட்டவைக்கப் போகிறீர்கள் என்றால் டிரிஸ், கிளைசின், பிஎஸ்ஏ (மாட்டுச் சீரப் புரதம்) மூன்றும் மிச்சம் இருக்கக்கூடாது. சாயம் ஆன்டிபாடியை விட்டுவிட்டு அவற்றில் போய் ஒட்டும். சோடியம் அசைடு போட்டால் கெடாது. ஆனால் உயிருள்ள செல்லில் விடமுடியாது, எலைசாவில் நிறம் தரும் எச்ஆர்பி என்சைமையும் முடக்கிவிடும். உயிருள்ள செல்லில் பயன்படுத்துவதானால் எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து வரும் நஞ்சு) அளவையும் கேளுங்கள். அது ஆட்டோகிளேவ் செய்தாலும் அழியாத சரக்கு.

திரும்பி வரும்போது குழாயோடு ஒரு பக்கச் சான்றிதழ் மட்டும் வந்தால் திருப்தி அடையாதீர்கள். ஆன்டிபாடி ரெசினிலிருந்து கழன்று வந்ததைக் காட்டும் வரைபடம், ஜெல் படம், எச்பிஎல்சி வரைபடம் மூன்றின் மூலக் கோப்பும் உங்களுக்குச் சேரவேண்டியவை. ஜெல்லில் சங்கிலிகளின் இணைப்பை உடைத்து ஓட்டியதில் 50-லும் 25-லும் இரண்டு பட்டை, உடைக்காமல் ஓட்டியதில் 150 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) அருகில் ஒன்று தெரியவேண்டும். எச்பிஎல்சியில் கட்டி சேராத தனி மூலக்கூறு 95 சதவீதத்துக்கு மேல். 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் அளவு 1.4 என்று வந்தால் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம். அவர்கள் கணக்கை நீங்களே போட்டுச் சரிபார்க்கலாம். சுத்தமாக இருப்பதும் வேலை செய்வதும் வேறு வேறு. இலக்குப் புரதமே இல்லாத செல்லில், அதாவது அந்த ஜீனை நீக்கிய செல்லில், ஆன்டிபாடி ஒட்டாமல் இருக்கிறதா என்று பார்ப்பதே நான் நம்பும் சோதனை.

பெட்டி கட்டுவது

உறைந்த குப்பிக்கு டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு), மைனஸ் 78 டிகிரி. சாதாரணத் தெர்மாகோல் பெட்டியில் ஒரு நாளைக்கு இரண்டு முதல் நான்கரை கிலோ கரைந்துபோகும். பங்குனி சித்திரையில் இங்கே வெயில் 40-ஐத் தொடும்போது நான் எப்போதும் ஒரு நாளுக்கான ஐஸ் கூடுதலாகப் போடுகிறேன். பெட்டியைக் காற்றுப்புகாமல் டேப் சுற்றாதீர்கள், வாயு வெளியே போக வழி வேண்டும். அதே வாயு மூடி தளர்ந்த குழாய்க்குள் புகுந்தால் ஆன்டிபாடி அமிலமாகிவிடும். குழாய் மூடியைச் சுற்றிப் பாராஃபிலிம் என்ற மெழுகு நாடாவை ஒட்டுங்கள். டிரை ஐஸில் போன செல் குப்பி, சேர்ந்த அன்றே நைட்ரஜனுக்குள் போகவேண்டும். விலைமதிப்பில்லாத தாய்க் குப்பி என்றால் டிரை ஷிப்பர் வாடகைக்குக் கேளுங்கள். நைட்ரஜனைப் பஞ்சுபோல் உறிஞ்சிவைத்துக்கொண்டு ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும்.

திங்கள் அல்லது செவ்வாய் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பிய பெட்டி சனி ஞாயிறு கிடங்கில்தான் கிடக்கும். இரண்டு மாநில நாட்காட்டியையும் பாருங்கள்: பொங்கலுக்கு அந்தப் பக்கம் அடைப்பு, ஓணத்துக்கு இந்தப் பக்கம். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபின் வாளையாரில் வரிச் சோதனைக்காக லாரிகள் வரிசைகட்டி நிற்பது போனது. ஆனாலும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது, தொற்றுப் பொருளா இல்லையா, விற்பனைக்கா ஆராய்ச்சிக்கா என்று நிறுவன முத்திரையோடு ஒரு கடிதம் வெளியே ஒட்டியிருக்கட்டும். ஜீன் மாற்றிய செல் என்றால் உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி கையில் இருக்கவேண்டும். செல் உங்களுடையது, மீதியை அழிக்கவோ திருப்பவோ வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது என்பதெல்லாம் பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்தான பிறகே பெட்டி கிளம்பவேண்டும்.

வந்த பிறகு

ஆன்டிபாடியைச் சின்னச் சின்னக் குழாய்களாகப் பிரித்து மைனஸ் 20-லோ 80-லோ வையுங்கள். உறைவதும் உருகுவதுமாக நான்கைந்து தடவை போனால் கட்டி கட்டியாகிவிடும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ என்று விற்கும் வீட்டு ஃப்ரிட்ஜ் இதற்கு எமன். பனி சேராமலிருக்க அது தன்னைத்தானே சூடாக்கிக்கொண்டே இருக்கும். ஒரு மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே நீர்த்து வைக்கவேண்டாம், ஒரு பங்கு குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

கேனுக்கு ஒரு நோட்டு போடுங்கள். எந்த அடுக்கு, எந்தப் பெட்டி, எந்தக் குழி, என்ன செல், எந்தத் தேதி, யார் எடுத்தது. நைட்ரஜனில் அழியாத பேனாவில் குப்பிமேலும் எழுதுங்கள். திங்கட்கிழமைதோறும் மெல்லிய மரக்குச்சி ஒன்றைக் கேனின் அடிவரை விட்டு, பத்து நொடி கழித்து எடுத்து, காற்றில் ஆட்டுங்கள். பனி பூத்த உயரம்தான் மட்டம். அதையும் நோட்டில் குறியுங்கள். பத்து சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால் அன்றே நிரப்பச் சொல்லுங்கள். ஓணம் வரும் மாதம் என்றால் பதினைந்திலேயே.